தீபாவளிக்கு அண்ணனும் தம்பியும் ஒரே வீட்ல: வாய தெறக்கிறதுக்கு முன்னாடியே மூஞ்சி சண்ட போடுது, என்ன செய்யலாம்?

சிப்புட்_நடுப்புள்ள
28 செப்டம்பர் 2025, இரவு 10:14

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட். அப்பா அம்மா ரெண்டு பேருமே தோட்டத்துல பால் மரம் சீவுனவங்க, தோட்டம் செம்பனைக்கு (எண்ணெ பனைக்கு) மாறுனப்புறமும் கொஞ்ச வருசம் தோட்டத்து வரிச வீட்ல, லயத்துலயே இருந்துட்டு பிறகு டவுன் பக்கம் ஒரு தாமான்ல, அதான் குடியிருப்புல, லோ கோஸ்ட் வீடு வாங்கி வந்தோம். அப்பா 2022ல தவறிட்டாரு. வீட்டு கிராண்ட், அதான் பட்டா, இன்னும் அவரு பேர்லதான் இருக்கு. அண்ணன் அம்மாவோட அந்த வீட்ல இருக்காரு, பின்னாடி குசினி (சமையக்கட்டு) இழுத்து கட்டுனது அவரு காசு. தம்பி கிள்ளான்ல இருக்கான். கிராண்ட்ல யாரு பேரு போடுறதுங்கிறதுல ரெண்டு பேருக்கும் கசப்பு, நடுவுல நான்.

போன வருசம் தீபாவளிக்கு மொத நாளு அப்பாவுக்கு படையல் போட்ட அன்னிக்கி, அக்டோபர் 30 ராத்திரி நடந்தத சொல்றேன். தம்பி வாசல் கேட்டுகிட்ட வந்து செருப்ப கழட்டாம நிக்கிறான். அண்ணன் ஹால்ல கைய கட்டிக்கிட்டு டிவிய பாத்து ஒக்காந்திருக்காரு, திரும்பல. யாரும் ஒரு வார்த்த பேசல. எங்க வீட்டுக்காரரு நல்ல மனசோடதான் பின்னாடி இருந்து போயி "என்னா மச்சான் உள்ள வா"ன்னு தோள்ல கைய போட்டு இழுத்தாரு. தம்பி கைய ஒதறிட்டான். அத பாத்ததும் அண்ணன் எந்திரிச்ச வேகத்துல பிளாஸ்டிக் நாற்காலி பின்னாடி விழுந்துச்சு, அந்த சத்தத்துக்கு அம்மா வட கரண்டியோட ஓடி வந்தாங்க, கரண்டியில இருந்து எண்ணெ சொட்டுது. அதுக்கு மேல பேசுனதெல்லாம் இங்க எழுத முடியாது. தம்பி சாப்புடாம பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கிள்ளானுக்கு திரும்பிட்டான். அம்மா வெச்ச படையல யாருமே தொடல.

இந்த வருசம் தீபாவளி 20 அக்டோபர், திங்கக்கிழம. தம்பி வரேன்னு சொல்லியிருக்கான், அம்மாவுக்காக. அம்மாவுக்கு 71 வயசு, இன்னும் எத்தன தீபாவளின்னு எனக்கு அடிவயிறு கலங்குது. கிராண்ட் பிரச்சன ஒரு நாள்ல தீராதுன்னு எனக்கு தெரியும். அந்த ஒரு ராத்திரி மட்டும் ஒழுங்கா நடக்கணும். யோசிச்சு பாத்தா போன வருசம் சண்ட ஆரம்பிச்சது வார்த்தையில இல்ல, நின்ன விதத்துல, பாக்காம இருந்ததுல, தோள்ல கைய போட்டதுல. அதனால உடல்மொழி வீடியோவெல்லாம் பாத்துகிட்டு இருக்கேன். கைய கட்டாத, கண்ண பாத்து பேசு, நிமிந்து நில்லு, எதிராளி மாதிரியே செய்யின்னு சொல்றாங்க. இதெல்லாம் நம்ம குடும்பத்துக்கு சரியா வருமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

---

பெரட்டுக்களம்
28 செப்டம்பர் 2025, இரவு 11:50

தங்கச்சி, அந்த வீடியோ சொல்றத அப்படியே நம்ம வீட்ல செஞ்சா புது வம்புதான் வரும். எனக்கு 64 வயசு, தோட்டத்துல பொறந்து வளந்தவன். இருட்டோட பெரட்டுக்கு போவாங்க, பேரு வாசிப்பாங்க. தொரை ஆபிசு முன்னாடி எங்கப்பா நிக்கிறத சின்ன பிள்ளையில பாத்திருக்கேன், தலத்துண்ட அவுத்து கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ரெண்டு கையும் நெஞ்சோட கட்டி, கண்ண தரையில போட்டுக்கிட்டு நிப்பாரு. அதுல பயம் பாதி, மரியாத பாதி. வீட்டுக்கு வந்தா அவரு முன்னாடி நாங்க அதே மாதிரி கைய கட்டி நிப்போம், தமிழ்ப்பள்ளியில வாத்தியாரு முன்னாடியும் அப்படித்தான். அதனால நம்ம ஆளு கைய கட்டுனா மனச மூடிட்டான்னு எடுத்தேன் கவுத்தேன்னு அர்த்தம் பண்ண முடியாது. கண்ண பாத்து பேசுன்னு சொல்றாங்களே, தம்பி அண்ணன் கண்ண நேரா பாத்தா அவரு என்ன கேப்பாரு? "என்னடா மொறைக்கிற"ன்னு கேப்பாரு. நம்ம வீட்ல சின்னவங்க பார்வைய கொஞ்சம் எறக்கி வெச்சாதான் பெரியவங்க எறங்குவாங்க.

இன்னொண்ணு. லயத்துல ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருந்த பலக தடுப்பு கூர வரைக்கும் போகாது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்து வீட்ல இருமுனா இங்க கேக்கும். ராத்திரி சத்தம் போட்டு சண்ட போட்டா விடிஞ்சா பெரட்டுல அதான் பேச்சு. அதனால எங்கம்மா வாயால சண்ட போட்டு நான் பாத்ததே கெடையாது, பானைய எறக்கி வெக்கிற சத்தத்துலயே அப்பாவுக்கு வெளங்கிரும். மெதுவா வெச்சா சரி. நங்குன்னு வெச்சா அவரு பேசாம எந்திரிச்சு வாசப்படியில போயி ஒக்காருவாரு, அம்மா கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு மங்கு கோப்பி கொண்டுபோயி அவரு பக்கத்துல வெச்சுட்டு, பேசாமலே படியில ஒக்காந்துருவாங்க. எதிர்ல ஒக்கார மாட்டாங்க, பக்கத்துல, ரெண்டு பேரும் ரோட்ட பாத்துக்கிட்டு. அதோட அந்த சண்ட முடிஞ்சுச்சு. நமக்கு உடல்மொழி தெரியாதுன்னு யாரு சொன்னது, அதுலயே வளந்தவங்க நாம. தாமான் வீட்டுக்கு வந்து செவுரு கூர வரைக்கும் எழும்புனதுக்கு அப்புறம்தான் மறந்துட்டோம்.

நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். அண்ணன் கைய கட்டுனது பெருசு இல்ல. எந்திரிக்காம, "வா"ன்னு சொல்லாம இருந்தாரு பாருங்க, அதான். நம்ம சனத்துக்கு வீட்டுக்கு வந்தவன வான்னு கேக்காதது அடிச்சதுக்கு சமம்.

---

வார்டு_தாதி
29 செப்டம்பர் 2025, காலை 7:35

நைட் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல இருந்து எழுதுறேன், எழுத்து தப்பு இருந்தா மன்னிச்சிருங்க. நான் 18 வருசமா தாதி, கோபமா வர்ற ஆளுங்கள தெனம் பாக்குற வேல. எங்களுக்கு சொல்லிக் குடுத்தத சொல்றேன்.

அக்கா, உங்க வீட்டுக்காரரு மேல தப்பு சொல்லல, ஆனா கொதிச்சுகிட்டு இருக்கிற ஆள பின்னாடி இருந்து தொடவே கூடாது. தோள்ல கைய போட்டு இழுக்குறது சாதாரண நாள்ல பாசம், அந்த நேரத்துல பிடிச்சு இழுக்குற மாதிரிதான் ஒடம்புக்கு தெரியும், அவரு யோசிச்சு ஒதறல, ஒடம்பு தானா ஒதறிருச்சு. நாங்க எப்பவும் ஆளு பாக்குற பக்கத்துல இருந்து, நேருக்கு நேரா இல்லாம கொஞ்சம் சாஞ்ச கோணத்துல, ஒரு கை நீட்டுற தூரத்துக்கு மேல நின்னுதான் பேசுவோம். ரெண்டு கையும் அவரு கண்ணுக்கு தெரியணும், பாக்கெட்டுல விடக்கூடாது, இடுப்புல வெக்கக்கூடாது. முக்கியமா வாசல மறிச்சு நிக்கக்கூடாது. வெளிய போக வழி இருக்குன்னு தெரிஞ்ச ஆளு பாதி அடங்கிருவாரு, வழிய அடச்சா பூன கூட பிராண்டும். அவரு ஒக்காந்திருந்தா நாமளும் ஒக்காரணும், மேல நின்னு கீழ பாத்து பேசக்கூடாது. குரல அவரு குரலுக்கு ஒரு படி கீழ வெக்கணும்.

அப்புறம் உங்க ஒடம்பு. நீங்க பதட்டமா அங்கயும் இங்கயும் ஓடுனா வீடே பதறும். மூச்ச இழுக்குறத விட விடுறத நீளமா விடுங்க, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விட்டா போதும், மூச்சு விடும்போதுதான் நெஞ்சு துடிப்பு கொறையும், அது ஒடம்போட அமைப்பு. அமெரிக்காவுல ஜான் காட்மன்னு ஒரு ஆய்வாளரு வருசக்கணக்கா புருசன் பொண்டாட்டி சண்ட போடுறத கருவி மாட்டி கவனிச்சவரு. நாடி நிமிசத்துக்கு 100க்கு மேல போயிட்டா எதிராளி சொல்றது மண்டையில ஏறாது, கொறஞ்சது 20 நிமிசமாவது வெலகி இருக்கணும்னு சொல்றாரு. வார்டுல நானும் அதத்தான் பாக்குறேன். அதனால யாராவது எந்திரிச்சு வெளிய போனா "எங்க போற, ஓடுறியா"ன்னு கேக்காதீங்க. போகட்டும். போறதுக்கு ஒரு சாக்கு முன்கூட்டியே வெச்சிருங்க, ஐஸ் வாங்கணும், எல வாங்கணும், ஏதோ ஒண்ணு.

---

ஜேபி_விடிகால_4மணி
29 செப்டம்பர் 2025, இரவு 9:20

மனசுல பட்டத சொல்றேன், கோச்சுக்காதீங்க. நான் தெனம் சிங்கப்பூர் போயி வர்ற ஆளு, எங்க வீட்லயும் இதே நெலச் சண்ட, 6 வருசம் ஆச்சு. இந்த சிரிப்பு, ஒக்கார்ற கோணம், மூச்சு எல்லாம் நடிப்புலா. உள்ள இருக்கிறது காசு பிரச்சன, அத பேசாம மேலுக்கு சிரிச்சா எல்லாம் சரியா போயிருமா? எங்க பெரியப்பா அப்படித்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் தோள தட்டி தட்டி சிரிப்பாரு, பின்னாடி பேரு மாத்திட்டாரு. இப்ப யாராவது என்ன பாத்து சிரிச்சாலே நம்பிக்க வரமாட்டேங்குது.

ஆனா ஒண்ணு, பேச்சுல வார்த்த வெறும் 7 சதவீதம், மத்த 93 சதவீதம் உடல்மொழியும் தொனியும்தான்னு கம்பெனி ட்ரெய்னிங்ல சொன்னாங்க. அது உண்மைன்னா வாய மூடிகிட்டு இருந்தாலும் கசப்பு தெரிஞ்சிரும்ல. அப்புறம் எப்படி மறைக்கிறது?

---

கவுன்சலிங்_படிக்கிறேன்
29 செப்டம்பர் 2025, இரவு 11:05

ஜேபி அண்ணா, அந்த 93 சதவீத கணக்க எல்லா ட்ரெய்னிங்லயும் சொல்றாங்க, ஆனா அது அந்த அர்த்தத்துல வந்தது இல்ல. ஆல்பர்ட் மெராபியன் 1967ல செஞ்ச ரெண்டு சின்ன ஆய்வுல இருந்து எடுத்தது. தனித்தனி வார்த்தைய வெவ்வேற தொனியில சொல்ல வெச்சு, மொகத்தோட படத்தையும் காட்டி, சொல்றவருக்கு நம்மள பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு கேட்டாங்க. வார்த்த ஒண்ணு சொல்லி மொகம் வேற சொன்னா மக்கள் மொகத்ததான் நம்புறாங்க, அவ்வளவுதான் அதுல இருந்து கெடைக்கிறது. கிராண்ட்ல யாரு பேருங்கிறத மொகத்தால சொல்ல முடியாது, அதுக்கு வார்த்ததான் வேணும். ஆனா "வா தம்பி"ன்னு வாய் சொல்லி கண்ணு டிவிய பாத்துச்சுன்னா தம்பி எத நம்புவாரு, அதுக்கு அந்த ஆய்வு பொருந்தும்.

நிமிந்து அகலமா நின்னா தைரியம் வரும்னு ஒரு வீடியோ சுத்துதே, அதையும் விட்ருங்க. 2010ல வந்த ஆய்வு அது, 2015ல பெரிய அளவுல திரும்ப செஞ்சு பாத்தப்ப ஹார்மோன் மாறும்னு சொன்னது நிக்கல. அப்புறம் எதிராளி மாதிரியே செய்யிறது. 1999ல நியூயார்க்ல செஞ்ச ஆய்வுல பக்கத்துல இருக்கவரு கால ஆட்டுனா நாமளும் தெரியாமலே ஆட்டுறோம்னும், அப்படி ஒத்துப்போனா பேச்சு சுமுகமா போகுதுன்னும் பாத்தாங்க. ஆனா அது தானா நடக்கிறது. வேணும்னே அண்ணன் செய்யிறத அப்படியே செஞ்சா கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சுக்குவாரு.

தூரத்த பத்தி 1966ல எட்வர்ட் ஹால் எழுதுனாரு. 45 சென்டிமீட்டருக்குள்ள ரொம்ப நெருக்கமானவங்க, 1.2 மீட்டர் வரைக்கும் தெரிஞ்சவங்க, 3.6 மீட்டர் வரைக்கும் பொதுப் பழக்கம்னு பிரிச்சாரு. ஆனா அவரு பாத்தது அமெரிக்கா வடகிழக்கு பக்கத்து நடுத்தர மக்கள, எல்லாருக்கும் இது பொருந்தாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. லோ கோஸ்ட் வீட்டு ஹால்ல தீபாவளிக்கு 20 பேரு ஒக்காந்தா எல்லாரும் 45 சென்டிமீட்டருக்குள்ளதான். நெருக்கடி நமக்கு பழகுனதுதான், ஆனா மனசுல கசப்பு இருக்கிறப்ப அதே நெருக்கடி மூச்ச முட்டும். ஹால்ல கூட்டம் கொறைய வழி பாருங்க அக்கா. வெளிய கூடாரம் போட்டு நாற்காலிய சும்மா நேரா எதிரெதிரா போடாம எல் மாதிரி மூலையா போடுங்க. மூலைக்கு மூல ஒக்காந்தா பாக்கணும்னா பாக்கலாம், வேணாம்னா ரோட்ட பாக்கலாம்.

---

மூத்த_மருமக
30 செப்டம்பர் 2025, பிற்பகல் 2:40

நான் ஒரு விசயம் சொல்லியே ஆகணும். இந்த வேலையெல்லாம் யாரு தலையில விழுது? பொம்பளைங்க தலையிலதான். ஆம்பளைங்க ரெண்டு பேரு மூஞ்ச தூக்கி வெச்சுகிட்டு ஒக்காந்திருப்பாங்க, நாங்க 4 மணிக்கு எந்திரிச்சு தோசைக்கு சட்னி அரைச்சு எண்ண தேச்சு பிள்ளைங்கள குளிப்பாட்டி அதுக்கு மேல நாள் பூரா சிரிச்ச மூஞ்சியா இருக்கணும், இல்லன்னா "மருமக மூஞ்சிய பாரு"ம்பாங்க. 22 வருசம் சிரிச்சிருக்கேன். சாயங்காலம் ஆனா தாட வலிக்கும். தங்கச்சி, நீங்க தனியா இத சுமக்காதீங்க. உங்க அண்ணி என்ன நெனைக்கிறாங்கன்னு ஒரு தடவ கேட்டீங்களா? அவங்க முகத்த யாரும் எழுதலையே இங்க.

எங்க வீட்ல உண்மையா உதவுனது கை வேல. என் கொழுந்தனும் எங்க வீட்டுக்காரரும் பேசாம இருந்த வருசம் எங்க மாமியாரு, நல்ல மனுசி, இப்ப இல்ல, ரெண்டு பேரு நடுவுல ஒரு பேசின் நெறய சின்ன வெங்காயத்த வெச்சுட்டு கத்திய குடுத்துட்டு போயிட்டாங்க. ஒண்ணும் சொல்லல. வெங்காயம் உரிக்கிறவன் நிமிந்து மொறைக்க முடியாது, கை சும்மா இல்ல, கண்ணு கலங்குனாலும் வெங்காயம்னு சொல்லிக்கலாம். அரை மணி நேரம் கழிச்சு கொழுந்தன் "இது அழுகி இருக்கு"ன்னான். இவரு "தூக்கி போடு"ன்னாரு. ஒரு வருசத்துல பேசுன மொத வார்த்த அது.

இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும். தண்ணிய போட்டுட்டு கைய ஓங்குற ஆளு வீட்ல இருந்தா இந்த கோணம், மூச்சு எதுவும் வேணாம். பிள்ளைங்கள கூட்டிகிட்டு பக்கத்து வீட்டுக்கு போயிருங்க, 999 அடிங்க, இல்ல தாலியான் காசே உதவி நம்பரு 15999, அது 24 மணி நேரமும் எடுப்பாங்க. சின்ன பிள்ளைங்கள "மாமாவ கட்டிப்புடி, முத்தம் குடு"ன்னு தள்ளிவிட்டு பெரியவங்க சண்டைய சமாதானம் பண்றதையும் நிப்பாட்டுங்க. பிள்ளைக்கு பிடிக்கலன்னா விட்ருங்க.

---

சிப்புட்_நடுப்புள்ள
1 அக்டோபர் 2025, இரவு 10:30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூத்த_மருமக அக்கா, நீங்க அண்ணிய பத்தி கேட்டது எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு. நேத்து போன் போட்டேன். போன வருசம் நாற்காலி விழுந்தப்ப அவங்க குசினியில சாமி படத்துக்கிட்ட நின்னு அழுதுகிட்டு இருந்தாங்களாம், யாருமே பாக்கல. அவங்களும் நானும் சேந்து இத பாத்துக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

ஜேபி தம்பி, நீங்க சொன்னதுல நியாயம் இருக்கு. நான் எதையும் மூடி மறைக்க பாக்கல. கிராண்ட் பேச்ச தீபாவளிக்கு எடுக்கிறது இல்ல, ஆனா நவம்பர்ல ஒரு நாள் எடுத்தே ஆகணும்னு ரெண்டு பேருக்கும் தனித்தனியா சொல்லிட்டேன். தேதி இருக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கி ராத்திரி கொஞ்சம் மனச எறக்கி வெப்பாங்கன்னு ஒரு நம்பிக்க.

ஒரு கேள்வி. அண்ணன எப்படி எந்திரிச்சு வர வெக்கிறது? நான் சொன்னா "எனக்கு புத்தி சொல்றியா"ம்பாரு.

---

பெரட்டுக்களம்
2 அக்டோபர் 2025, காலை 6:10

சொல்லாதீங்க. அம்மாவ வாசல்ல ஒக்கார வெச்சிருங்க. அம்மா நாற்காலி கேட்டுக்கு பக்கத்துல இருந்தா தம்பி வந்ததும் அவங்க எந்திரிக்க பாப்பாங்க, 71 வயசு, முட்டி வலி இருக்கும், யாராவது கைய குடுக்கணும். அண்ணன் பக்கத்துல இருந்தா அவருதான் குடுப்பாரு. அம்மாவ தூக்கி விட்டுகிட்டு நிக்கிற ஆளு டிவிய பாத்துகிட்டு இருக்க முடியாது.

இன்னொரு சின்ன விசயம். விரல நீட்டி பேசாதீங்க. கம்போங்ல, அவங்க கிராமத்துல, மலாய்க்காரங்க எதையாவது காட்டுனா ஆள்காட்டி விரல நீட்ட மாட்டாங்க, நாலு விரலயும் மடக்கி கட்ட விரலால காட்டுவாங்க, பாத்திருப்பீங்க. நம்ம ஊரு ஆளுங்களுக்கும் அது ஒட்டிகிச்சு. ஆனா கோபம் வந்தா மட்டும் ஆள்காட்டி விரல் தானா நீளும். எங்க பேச்சு சூடாவுதுன்னு நான் விரல பாத்துதான் கண்டுபிடிப்பேன். விரல் வெளிய வந்துச்சுன்னா உடனே ஒரு தட்ட கையில குடுத்துருங்க, முறுக்கு தட்டு, எதுவோ. தட்ட பிடிச்ச கை நீட்டாது.

---

வார்டு_தாதி
2 அக்டோபர் 2025, இரவு 8:15

பெரட்டுக்களம் அண்ணன் சொன்ன தட்டு யோசன ரொம்ப சரி. குடிக்க குடுத்தா ரெண்டு கையாலயும் குடுங்க, வாங்குறவரும் ரெண்டு கையாலதான் வாங்குவாரு, அதுக்கு கட்டுன கைய அவுத்தாகணும்.

---

சிப்புட்_நடுப்புள்ள
22 அக்டோபர் 2025, இரவு 11:40

நேத்துதான் எல்லாரும் கெளம்புனாங்க. நடந்தத அப்படியே எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

19ந்தேதி படையல். அம்மாவ அஞ்சு மணிக்கே வாசல்ல ஒக்கார வெச்சிட்டோம். தம்பி வரும்போது ஏழே கால், ஹைவேல ஜாம். கார் நிக்கிற சத்தம் கேட்டதும் அம்மா எந்திரிக்க பாத்தாங்க, பெரட்டுக்களம் அண்ணன் சொன்ன மாதிரியே அண்ணன் கைய குடுத்தாரு. தம்பி செருப்ப கழட்டிட்டு நேரா அம்மா கால்ல விழுந்தான். குனிஞ்சவன் நிமிந்தப்ப அண்ணன் ரெண்டடி தூரத்துல நிக்கிறாரு. "வா"ன்னாரு. கண்ண பாக்கல, தம்பி சட்ட பட்டன பாத்து சொன்னாரு, ஆனா சொன்னாரு. தம்பி "ம்"னான். எங்க வீட்டுக்காரருகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன், அவரு தூரமாவே நின்னு பிள்ளைங்க பேக்க எறக்குனாரு.

எல்லாம் நல்லா போச்சுன்னு சொல்ல மாட்டேன். எல போட்டுகிட்டு இருக்கும்போது அண்ணன் "வழி இப்பதான் தெரிஞ்சுச்சா"ன்னு ஒரு வார்த்த விட்டுட்டாரு. தம்பி தாட இறுகுனத நான் பாத்தேன், காதுகிட்ட நரம்பு துடிச்சுது. எனக்கு கை கால் எல்லாம் ஜில்லுன்னு ஆயிருச்சு. மூச்ச எண்ண ஆரம்பிச்சேன், 4 இழுத்து 6 விட்டு, வேற ஒண்ணும் தெரியல எனக்கு. அண்ணிதான் "தம்பி, ஐஸ் வாங்கணும், கடைய மூடிருவாங்க"ன்னாங்க. கையில 10 வெள்ளிய ரெண்டு கையாலயும் நீட்டுனாங்க. தம்பி ஒரு நிமிசம் காச பாத்தான், வாங்கிட்டு போயிட்டான். யாரும் எங்க போறன்னு கேக்கல. அரை மணி நேரம் வரல. அம்மா சாமி ரூம்ல போயி அப்பா படத்துக்கு கீழ ஒக்காந்துட்டாங்க. எனக்கு அவன் அப்படியே ஹைவே ஏறிட்டான்னுதான் தோணுச்சு. பிள்ளைங்கள விட்டுட்டு எப்படி போவான்னு மனச தேத்திக்கிட்டேன். வந்தான், ரெண்டு பாக்கெட் ஐஸோட, சட்டயெல்லாம் வேர்வ.

அப்பாவுக்கு பிடிச்சதெல்லாம் வெச்சோம், ஆட்டிறைச்சி பெரட்டல், எறா சம்பல், ஒரு மங்கு கோப்பி ஓ, அதான் பால் ஊத்தாத கோப்பி. கும்புட்டு முடிச்சு எல்லாரையும் தரையில பாய் போட்டு ஒரே வரிசையா ஒக்கார வெச்சேன், எதிர் வரிசையே போடல. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவுல ரெண்டு பிள்ளைங்க. ரெண்டாவது பிள்ள தூக்கம் வந்து எந்திரிச்சு போயிட்டா, மத்ததும் பின்னாடியே ஓடிருச்சு, நடுவுல ஆளே இல்ல. அண்ணன் தன் எலையில இருந்த எலும்புள்ள துண்டு ஒண்ண எடுத்து தம்பி எலையில வெச்சாரு. சின்ன வயசுல இருந்து அவனுக்கு நல்லி எலும்புதான் பிடிக்கும். தம்பி ஒண்ணும் சொல்லல, குனிஞ்சு உறிஞ்சுனான்.

தீபாவளி அன்னிக்கி பெருசா ஒண்ணும் இல்ல, வந்தவங்க போனவங்க, பிள்ளைங்களுக்கு அங்பாவ் (காசு கவரு) குடுக்கிறது, பசியாறுறது, சமைக்கிறது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தள்ளித்தான் இருந்தாங்க, ஆனா அது சண்ட தூரம் இல்ல. மத்தியானம் கேஸ் தோங் (சிலிண்டர்) தீந்து போச்சு, ஒருத்தரு தூக்குனாரு, ஒருத்தன் குழாய மாட்டுனான், "டைட்டா இருக்கா", "இருக்கு", அவ்வளவுதான் பேச்சு. கிராண்ட் பத்தி யாரும் வாய தெறக்கல.

நேத்து கெளம்பும்போது எங்க லோரோங் (சந்து) பூரா கார், தம்பி அவன் மைவி கார ரிவர்ஸ் எடுக்க முடியல, பின்னாடி லோங்காங் (சாக்கட) வேற, மூடி இல்லாதது. யாரும் கூப்புடாமலே அண்ணன் சாரத்த மடிச்சு கட்டிகிட்டு போயி பின்னாடி நின்னு கைய காட்டுனாரு, வா, வா, லெப்ட்டு, இன்னும் வா, நிப்பாட்டு. தம்பி கண்ணாடியில அவரு கையவே பாத்துகிட்டு எடுத்தான். டயருக்கும் லோங்காங்குக்கும் ஒரு சாண்தான் இருந்திருக்கும். ரோட்டுக்கு வந்ததும் அண்ணன் கார் கூரைய உள்ளங்கையால ரெண்டு தடவ தட்டுனாரு, எங்கப்பா தோட்டத்து லோரிய அனுப்பும்போது தட்டுவாரே அதே மாதிரி. தம்பி கண்ணாடிய எறக்கல. ஹோர்ன் மட்டும் சின்னதா ஒரு தடவ அடிச்சுட்டு போனான்.

---

பெரட்டுக்களம்
23 அக்டோபர் 2025, காலை 6:05

படிச்சேன் தங்கச்சி. அந்த எலும்பு துண்டுகிட்ட வந்து கொஞ்ச நேரம் நிப்பாட்டிட்டேன், எங்க அண்ணன் ஞாபகம் வந்துருச்சு. அம்மா படையல சாப்புட்டாங்களா?

---

சிப்புட்_நடுப்புள்ள
23 அக்டோபர் 2025, இரவு 9:50

சாப்புட்டாங்கண்ணே. கட்டி வெச்ச ஆட்டிறைச்சிய தம்பி எடுத்துட்டு போக மறந்துட்டான், அண்ணன் நாளைக்கு பஸ்ல போட்டு அனுப்ப முடியுமான்னு கேட்டுகிட்டு இருக்காரு. நவம்பர் 23 ஞாயித்துக்கிழம சித்தப்பா வீட்ல கிராண்ட் பேச ஒக்காருறோம்.